அறுபது வரை எண்ணுதல்

மார்ச் 4

குருத்தெலும்பு வளர்ப்பதற்கான கூழ்ம வில்லைகளில் இன்னொரு தொகுதியும் பொய்த்தது. மூன்று வாரம் ஊட்டநீரில் வைத்தும் உள்ளே செல்கள் சுருண்டு கிடக்கின்றன. சென்ற ஆண்டும் இதே தூள், இதே அச்சு, இதே கைகள். அப்போது பால் நிறத்தில் குருத்தெலும்பு படர்ந்தது. இப்போது ஏன் இல்லை?

மார்ச் 6

தூளை மாற்றினோம். நீரை மாற்றினோம். பயனில்லை.

இந்த ஆய்வை நடத்தும் ஆய்வாளர் என்னைவிட இருபது வயது இளையவர். "அக்கா, ஏப்ரல் கடைசிக்குள்ள பழைய முடிவைத் திரும்பக் காட்டலேன்னா, பணம் கொடுக்கிற குழு இதை மூடிடும். நான் பொய் சொல்லியிருக்கேன்னுதான் நினைப்பாங்க" என்றார். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

கல்லூரி வாசலை மிதிக்காதவள் நான். இந்த ஆய்வகத்துக்குக் குடுவை கழுவ வந்து, நூல்களைத் தேடிப் படித்து இந்த மேசையை அடைந்தேன். நான்கு ஆண்டுகளாக என் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது.

மார்ச் 9

பழைய பக்கங்களையும் புதியவற்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். நீல விளக்கின் கீழ் கூழ்மம் இறுகும் நேரம்: அங்கும் அறுபது நொடி, இங்கும் அறுபது நொடி. ஜனவரியில் விளக்கோடு ஒரு நேரக்கருவியைப் பொருத்தினார்கள். அதற்கு முன் நானே மனத்துக்குள் எண்ணி அணைப்பேன். கருவி வந்ததை இழுக்காகவே கருதினேன். ஆயினும் அறுபது அறுபதுதானே?

மார்ச் 10

ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 12

அக்காள் வீட்டுக்குப் போனேன். முழங்கால் தேய்ந்தவள். காலை நீட்டி உயர்த்தி அறுபது நொடி பிடிக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. வழக்கம்போல் நான் எண்ணினேன்.

"நீ எண்ணுனாத்தான் எனக்கு நிம்மதி. உங்க மாமா கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாரு, உயிரே போயிடும்."

"ரெண்டும் அறுபதுதானே?"

"உன் அறுபது எங்கடி அறுபது? பஸ்ஸைப் பிடிக்கப் போறவ மாதிரி எண்ணுற. அதுக்காகத்தானே உன்னைக் கூப்பிடுறேன்."

அவள் சிரித்தாள். நான் சமையலறைக் கடிகாரத்தின் முன் நின்று அறுபது வரை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு நொடி. மறுபடியும் நாற்பத்தொன்று.

மார்ச் 13

நாலு வருஷம். நாலு வருஷமா தப்பா எழுதியிருக்கேன். என் வில்லைகள் அரைகுறையாக இறுகியதால்தான் செல்களுக்குப் பரவ இடம் கிடைத்ததோ?

சொல்லாமலே கருவியை நாற்பத்தொன்றில் வைத்துவிட்டு அறுபது என்றே எழுதலாம் — யாருக்குத் தெரியப்போகிறது? வில்லை வளரும், ஆய்வாளரும் தப்பிப்பார். நானும்தான். அப்புறம் எவரோ என் ஏட்டை நம்பி அறுபது வைப்பார். குருத்தெலும்பு வராது. அவரும் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டு நிற்பார்.

மார்ச் 14

சொல்லிவிட்டேன்.

மார்ச் 16

இன்று ஆய்வாளர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து முறை எண்ணச் சொன்னார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. "தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்காப் பண்ணுவீங்களா, அக்கா?" புகழ்ச்சியா, ஏச்சா? தெரியவில்லை.

கருவியை நாற்பத்தொன்றில் வைத்துப் புதிய தொகுதி செய்தோம். பழைய பக்கங்களில் ஒவ்வோர் அறுபதையும் சிவப்பு மையால் அடித்து, "ஏறத்தாழ நாற்பத்தொன்று" என எழுதிக் கையொப்பமிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு அடித்தல்கள்.

ஏப்ரல் 8

வில்லைகளில் பால் நிறம்.

மாலையில் அக்காளுக்குக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். நாற்பத்தொன்றில் காலை இறக்கிவிட்டாள்.