பொறுக்கியெடுத்த ஐந்து கிலோ மக்காச்சோளமும் அடைக்காத குதிரும்

அனுப்புநர்
லூர்தம்மாள்,
க/பெ. சூசைமாணிக்கம்,
களப் பணியாளர், மக்காச்சோள உற்பத்தியாளர் சங்கக் கிட்டங்கி,
அகரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு திட்டப் பொறியாளர் அவர்கள்,
தானியச் சேமிப்புத் திட்டப் பிரிவு,
திண்டுக்கல்.

பொருள்: கணினியில் அடைக்காத இரும்புக் குதிர் அகரத்தில் அடைப்பது – அடைப்பை நீக்க என் கணவரை உள்ளே இறக்குவதை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது 24-09-2007 தேதியிட்ட மனு. 2. தங்கள் அலுவலகத்தின் 03-10-2007 தேதியிட்ட பதில்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை இரண்டில் கண்ட பதில் கிடைத்தது. இரண்டே வரிதான் என்றாலும் தெளிவாக இருந்தது. கணினி ஆய்வில் குதிரின் அடிவாயில் அடைப்பு ஏதும் ஏற்படவில்லை என்றும், ஆகவே என் புகார் முடித்து வைக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி. ஆனால் குதிருக்குள் இருக்கும் நாற்பது டன் மக்காச்சோளத்துக்கு அந்தப் பதிலின் நகல் அனுப்பப்படவில்லை போலிருக்கிறது. அது பழையபடி அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

2. கணினி ஆய்வைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். குதிர் திறப்பு விழாவன்று கிட்டங்கிச் சுவரில் தாங்கள் போட்டுக் காட்டிய படத்தை நானும் வாய்பிளந்து பார்த்தேன். ஒவ்வொரு மணியையும் கணினி தனித்தனியாகக் கணக்கில் வைக்கிறது, எந்த மணி எதை இடிக்கிறது, எவ்வளவு உரசுகிறது, எந்தப் பக்கம் உருளுகிறது என்று நொடிக்குப் பல்லாயிரம் முறை கணக்குப் போடுகிறது, பன்னிரண்டு நொடிப் படத்துக்கு நான்கு நாள் ஓடியது என்றெல்லாம் சொன்னீர்கள். நீலமும் சிவப்புமாக இருபதாயிரம் உருண்டைகள் ஓரடி வாய் வழியாக வழுக்கிக்கொண்டு இறங்கின. எங்கள் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதைவிட ஒழுங்காக இருந்தது.

3. மக்காச்சோளம் தட்டையாகத்தானே இருக்கும், படத்தில் ஏன் கோலிக்குண்டாக இருக்கிறது என்று அன்றே கேட்டேன். உருண்டை என்றால் கணக்குப் போடச் சுலபம் என்றீர்கள். ஈரத்தில் ஒட்டுமே என்றேன். அனுப்பி வைத்த மாதிரியில் ஈரமே இல்லை, அதனால் ஒட்டுதலுக்குச் சுழியம் போட்டாயிற்று என்றீர்கள். அந்தப் பதிலில் என் பங்கும் இருக்கிறது. ஏனென்றால் அந்த மாதிரியை அனுப்பியவள் நான்.

4. இதை மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு சித்திரையில் தங்கள் அலுவலகம் ஐந்து கிலோ மாதிரி கேட்டபோது, கிட்டங்கிப் பொறுப்பாளர் திரு. கருப்புசாமி என்னிடம், "ஆபீசுக்குப் போறது தாயி, நல்லதாப் பொறுக்கி வையி" என்றார். எங்கள் பக்கத்தில் மாதிரி என்றால் வியாபாரியிடம் காட்டுவதுதான் வழக்கம். அதையே செய்தேன். சலித்தேன், புடைத்தேன், நொறுங்கல், சக்கை, தூசி அத்தனையும் நீக்கினேன், மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் குண்டு குண்டான மணியாகப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் அடைத்துக் கொடுத்தேன். அப்படியொரு மக்காச்சோளம் அகரத்தில் எந்தக் காட்டிலும் விளைந்ததில்லை. தாங்கள் அதற்கென்றே ஒரு குதிர் கட்டிவிட்டீர்கள். விளைச்சல்தான் இன்னும் வரவில்லை.

5. வந்தது என்னவோ புரட்டாசி மழையில் நனைந்த, தூசியும் சக்கையும் கலந்த சரக்கு. அது அடிவாய்க்கு மேலே ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு வளைவு கட்டி நின்றுவிடுகிறது. கீழே திறந்தால் ஒரு மணி விழுவதில்லை. அடைப்பை உடைக்க மேல் துளை வழியாக ஒருவர் மூங்கிலோடு இறங்கிக் குத்த வேண்டும். அந்தத் துளையில் நுழையும் உடம்பு எங்கள் ஊரில் என் கணவர் சூசைமாணிக்கத்துக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. அடைப்பே வராத குதிரில் ஆள் இறங்கத் தாராளமான வழி எதற்கு என்று விட்டிருப்பீர்கள்.

6. 09-10-2007 செவ்வாய்க்கிழமை அவர் குத்திக்கொண்டிருக்கையில் வளைவு உடைந்து, நின்ற சரக்கு அவரோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. மார்பு வரை புதைந்துவிட்டார். லாரி ஓட்டுநர் திரு. சேக் பரீது சரக்குக் கயிற்றை வீசி, சுமை தூக்குவோர் நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவருக்குக் கத்த மூச்சில்லை. நான் கீழே நின்று இரும்புத் தகட்டைக் கையால் அடித்துக்கொண்டிருந்தேன். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. இதைப் பற்றிப் பொறுப்பாளரிடம் முறையிட்டதற்கு, "கம்ப்யூட்டரே அடைக்காதுன்னு சொல்லிருச்சு தாயி, அடைச்சுச்சுன்னு நான் எப்பிடி எழுதிக் குடுப்பேன்?" என்கிறார். அவர் நல்ல மனிதர்தான். பயந்தவர்.

7. இப்போது வருகிற திங்கட்கிழமை கோழித்தீவனக் கம்பெனி லாரி வருகிறதாம். விலாவில் போட்ட கட்டோடு மெதுவாக இறங்கிப் பார்க்கட்டும் என்று சங்கத்திலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்கள். என் கணவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. இந்த ஒரு வரியில் கேலி எதுவும் இல்லை.

8. ஆகவே, இத்துடன் இரண்டு கிலோ மக்காச்சோளம் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பியுள்ளேன். குதிரிலிருந்து அள்ளியது அள்ளியபடியே இருக்கிறது. சலிக்கவில்லை, புடைக்கவில்லை. தயவுசெய்து அங்கே யாரும் காயவைத்துவிட வேண்டாம். அதன் ஈரம், தட்டை, தூசி எல்லாவற்றையும் கணினிக்குச் சொல்லி மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்கு நாள் அல்ல, நாற்பது நாள் ஆனாலும் காத்திருக்கிறோம். அதன்பின் அடிவாயை அகலப்படுத்தி, வெளியில் நின்றே குத்தப் பக்கவாட்டில் துளைகள் வைத்துத் தாருங்கள். அதுவரை குதிருக்குள் எவரும் இறங்கக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவிடுங்கள்.

9. உத்தரவு வந்து சேரத் தாமதமாகலாம் என்பதால், நேற்று மாலை குதிரின் ஏணிக் கதவை நானே பூட்டிவிட்டேன். சங்கச் சொத்தைப் பூட்டியது குற்றமென்றால் நடவடிக்கை எடுங்கள். அதற்காவது தாங்கள் ஒருமுறை நேரில் வர நேரும். வந்தால் சாவியைத் தங்கள் கையிலேயே தருகிறேன், வேறு யாரிடமும் தருவதாக இல்லை. அது எங்கள் வீட்டுக் கதவின் பூட்டு. வீடு இப்போது திறந்தே கிடக்கிறது. அதில் பறிபோகக் கூடாதது ஒன்றுதான், மார்பில் கட்டோடு படுத்திருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இடம்: அகரம்
நாள்: 20-10-2007

இப்படிக்கு,
பழைய மாதிரியை அனுப்பிய தவறுக்கு வருந்தும்,
(ஒப்பம்) லூர்தம்மாள்

இணைப்பு: மக்காச்சோளம், இரண்டு கிலோ (ஈரத்துடன்).