வழிமொழிய ஒருவர்

அம்மாவுக்கு,

"நான் வழிமொழிகிறேன்" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

சமயநல்லூரில் இருபது வருடமாக நீ நடத்திய திருச்சபைப் பெண்கள் விடுதியைக் கல்யாண மண்டபமாக்க விடக்கூடாது என்றுதான் நம் வட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் செயலாளர் தேர்தலில் நின்றாய். தங்கப்பொண்ணு அக்கா உன் பெயரை முன்மொழிந்தார். வழிமொழிய யார் என்று போதகர் இரண்டு முறை கேட்டார்.

"டீச்சரம்மா ஜெபக்கூட்டம் நல்லா நடத்துவாங்க. கட்டடத்தை எங்ககிட்ட விடுங்க" என்றார், உன்னை எதிர்த்து நின்ற பொருளாளர். சிரித்தார்கள்.

"ஆளில்லைன்னா அம்புட்டுத்தான். அடுத்த பேரைப் படிங்கய்யா" என்றார் ஒருவர்.

வாலிபர் சங்கப் பிரதிநிதியாக எனக்கும் அந்த உரிமை இருந்தது. மகளே வழிமொழிந்தால் உனக்குத்தான் அவமானம் என்று பிறகு உன்னிடம் சொன்னேன். உண்மையில், அந்தப் பொருளாளர்தான் நான் வேலைபார்க்கும் பள்ளியின் தாளாளர்.

அவர் போட்டியின்றித் தேர்வானார். ஜூனில் விடுதியைப் பூட்டினார்கள். பதினான்கு பெண்கள் பெட்டியோடு பஸ் ஏறினார்கள். அதே மாதம் என் வேலை நிரந்தரமானது.

உன் மகள்