முட்டை ஓட்டுக்குக் கிடைத்த கேடயம்

இன்று காலை பக்கத்து வீட்டு அம்மா ஒரு டப்பாவை நீட்டினார். திறந்ததும் பச்சை முட்டை வாடை குப்பென்று அடித்தது. உள்ளே அரைத்த முட்டை ஓடு. "மூட்டு வலிக்கு நல்லதுங்களாமா. நீங்களும் உங்க கூட்டாளியும் கண்டுபுடிச்சதுதானுங்க, வீடியோவுல பாத்தேன்" என்றார். கொதிக்க வைக்காமல் தின்னக் கூடாது என்றேன். "அதுல அப்படிச் சொல்லலீங்களே" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார். இந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டுவது? நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது.

நம் ஆய்வுக் கட்டுரையில் எங்கே மூட்டு வலியைப் பற்றி எழுதினோம்? நாமக்கல்லில் குப்பைக்குப் போகும் ஓட்டை நன்றாகக் கொதிக்க வைத்து, காய வைத்து, அரைத்து, ராகி பிஸ்கட்டில் கலந்தால் சுண்ணாம்புச் சத்து கூடுகிறதா என்று பார்த்தோம். அவ்வளவுதான். எவனோ தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வீடியோ போட்டான், ஊரே பகிர்ந்தது.

சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரப் பெண்களிடம் அலைந்து இன்னொரு கட்டுரை எழுதினோமே, அது? சோற்றோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதைப் பற்றி. தறிச் சத்தத்தில் கத்திக் கத்திக் கேள்வி கேட்டு உனக்குத் தொண்டையே கட்டிப் போனது. இணையத்தில் அதை ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கெங்கோ இருந்த ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் சேலத்தில் எனக்குத் தட்டுவடை செட் வாங்கித் தருவாய். ஒருவர் நாம் சொன்னதைத் தலைகீழாக மேற்கோள் காட்டியபோது மட்டும், "இதுக்கு செட்டு கெடையாது சாமி, தண்ணி குடிச்சுட்டுப் போலாம் வா" என்றாய். மேற்கோளையும் நீ கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள் இல்லை.

போன வாரம் நம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். ஆண்டு விழாவில் உன் நினைவாகக் கேடயமாம். டீக் கட்டுரைக்கு இல்லை, முட்டை ஓட்டுக்கு. ஒரு கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்பட்டது என்று எண்ணிச் சொல்லும் வண்ண வளையம் ஒன்றைத் திரையில் காட்டி, "நம்ம காலேஜ்லயே இதுக்குத்தானுங்க ஆன்லைன் ஸ்கோர் அதிகம். மேடம் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார்.

அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று திறந்து பார்த்தேன். வரிசையாக உன் பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஊசி குத்திய கையால், கட்டுரையின் இணைப்போடு இணையத்தில் நீ போட்ட மறுப்புகள்: 'பச்சை ஓட்டைச் சாப்பிடாதீர்கள். கிருமி இருக்கும். மூட்டு வலியை நாங்கள் ஆராயவே இல்லை.' அத்தனையையும் கவனம் என்று எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள். நீ மறுக்க மறுக்க மதிப்பெண் ஏறியிருக்கிறது. எனக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அன்றைக்கு உன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "ஆரு படிக்கறாங்கன்னு எழுதற? பேசாமப் படு."

"ஒருத்தி படிச்சுட்டு அடுப்பப் பத்த வெச்சாப் போதும். குடு போனை."

விழா மேடையில் அந்த மறுப்பை வாசிக்கலாமா என்று முதல்வரிடம் கேட்டேன். "நல்ல நாளதுவுமா எதுக்குங்க மேடம்" என்றார். அப்படியானால் கேடயம் வாங்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கே அனுப்பி வைப்பார்களாம்.

உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்று பக்கத்து வீட்டு அம்மா போன பிறகு உட்கார்ந்து, உன் வாக்கியங்களையே ஓர் எழுத்து மாற்றாமல், கட்டுரையின் இணைப்போடு போட்டேன். சாயங்காலத்துக்குள் நம் மதிப்பெண் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது. ஏறித் தொலையட்டும். நாளைக்கும் போடுவேன்.