பச்சை மையில் ஒரு வரி

மச்சான்,

நம் பழைய பள்ளியில் நேற்று சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார்கள். அதே அந்துருண்டை வாசம். நீ தலைமையாசிரியராக இருந்தபோது அந்த அலமாரிக்கு நீயே வாங்கிப் போடுவாய்.

மலையிலிருந்து இறங்கி அயோத்தியாப்பட்டணம் பக்கம் குடியேறிய நம் மலையாளிப் பழங்குடிச் சனம் இந்த ஆடியில் மறுபடியும் மலையேறிச் சேர்வராயன் சாமிக்குச் சாமைப் பொங்கல் வைத்தது. நாம் யார் என்பது பிள்ளைகளின் சான்றிதழிலும் இருக்கட்டும் என்று மனுக் கொடுத்தோம். முதல் மனு என் பேத்தியுடையது. விசாரணைக்கு வந்த அதிகாரி அவள் அப்பாவின் பெயருக்கு நேரே விரல் வைத்தார்.

"வேற சாதி போட்டிருக்கே பெரியவரே. யாரு எழுதுனது?"

"நாந்தாங்க."

அன்று நான் உன்னிடம் உதவி ஆசிரியன். நம் இருவர் மகன்களையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாரம். "மலைக்காரப் பயன்னா ஒதுக்கி ஒக்கார வெப்பானுங்க மாப்ளே. ஊர்ல இருக்கற சாதியையே போடு. எம்பையனுக்கும் அதேதான்" என்றாய். என் பேனா நின்றது. "அட, எழுதுய்யா! சேர்வராயனா வந்து பதிவேட்டப் பாக்கப் போறாரு?" என்று சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். மற்றவர்களும் உன் பேச்சைக் கேட்டார்கள்; நம்மில் முதலில் படித்தவன் நீதானே.

முதல் வரியில் பிழை விட்டால் கீழே எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை தப்பு என்று, அதற்குப் பிறகும் முப்பது வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். உன் மகனின் பெயர். இனம் என்ற கட்டத்தில் 'மலையாளி'. உன் எழுத்து, உன் பச்சை மை. நீ உயிரோடு இருந்திருந்தால் அங்கிருந்தே உன் வீட்டுக்கு வந்து கேட்டிருப்பேன்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

உன் பெயரைச் சொல்ல நாக்குக் கூசியது. "எங்கக்காளக் கட்டுனவருங்க. ஒரே சனம்."

"அப்ப இதையே ஆதாரமாக் காட்டி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். என் மகனுடைய வரி பொய் என்றும், சொன்னது நீ, எழுதியது நான் என்றும்.

உன்னை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை மச்சான். ஆனால் அந்தப் பக்கத்தின் நகல் என் சட்டைப் பையில் இருக்கிறது. பதிவேடு முழுக்கத் தேடினாலும் நம் சனத்தின் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை எழுதிய கை உன்னுடையது.