சீனி போடட்டா என்று கேட்டேன்

சீசனுக்குச் சீசன் நம் மலை விடுதியில் வந்து தங்கும் டாக்டரம்மா இன்று காலை மதுரையிலிருந்து வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது புதுச் சீட்டுக்கட்டு. அதன் மேல்தாளைப் பிரித்தபோது ஒரு மெழுகு வாசனை வந்தது. போன சீசன் முழுக்க உன் கையில் இருந்த வாசனை அது. அப்போது என் கையில் வெங்காய வாசனைதான்.

"இந்த வருஷம் என் எதிர்ல நீ உக்காருறியா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. நடுவில் மனதுக்குள் உன்னிடம் நிறையப் பேசினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நாம் ஆடிய கட்டு உனக்கு மறந்திருக்காது. விருந்தாளிகள் ஆடித் தேய்த்துக் கழித்தது. டைமன் எட்டு தொலைந்துபோனதால் அப்பா பிஸ்கட் அட்டையை வெட்டி, பேனாவால் எட்டுப் புள்ளி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் ஒரு கிளப்பில் டீ கொடுத்தவர். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று நின்றே பிரிட்ஜ் கற்றுக்கொண்டவர். மத்தியானப் பாத்திரமெல்லாம் கழுவியானதும், ஜன்னலில் மஞ்சு ஏறும் நேரத்துக்கு, குசினி மேசையில் நான்கு பேர் உட்காருவோம். விடுதித் துணிகளைத் தேய்க்க வரும் நீ, சமையல்காரர் மகளான நான், அப்பா, தோட்டக்கார மாமா. எதிரே இருப்பவள்தான் சோடி, பக்கத்தில் இருப்பவர்கள் எதிராளிகள் என்று அப்பா சொன்னதும், "இதென்னடி தலகீழா கெடக்கு!" என்று சிரித்தாய்.

நாம் ஒழுங்காகவா ஆடினோம்? ஆட்டினுக்குச் சீனி, ஸ்பேட்டுக்குப் புளி, டைமனுக்கு உப்பு, கிளாவருக்கு மிளகு என்று பெயர் வைத்துக்கொண்டோம். "ஏண்டி, ரசத்துக்குப் புளி பத்தாதோ?" என்று நீ கேட்டால் நான் ஸ்பேட்டை இறக்குவேன்.

"ஏலே, சீட்டாடுறீங்களா, கொழம்பு வைக்கிறீங்களா?" என்பார் அப்பா.

"விடுங்கண்ணே, நாமளும் ஒரம், மம்பட்டின்னு பேசிக்கிருவோம்" என்பார் தோட்டக்கார மாமா.

போன ஏப்ரலில் டாக்டரம்மாவின் சோடி மலையேறி வர முடியாமல் போனது. குசினிக் கதவு வழியாக நம் ஆட்டத்தைப் பார்த்திருந்தவர், பிரிட்ஜ் போட்டிக்கு ஆள் வேண்டும் என்று நம் இரண்டு பேரையும் வரச் சொன்னார். முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார். என் கையில் ஆட்டின் ஆறு சீட்டு, ஏஸும் ராஜாவும் சேர்த்து. "ஒரு ஆட்டின்" என்று வாயைத் திறந்து ஏலம் கேட்டால் போதும். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் அடைத்துக்கொள்ளுமே, அதே தொண்டை. அதற்காகத்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். "பாஸ்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அடுத்து நீ உட்கார்ந்தாய். கடையில் சாமான் கேட்பது போல ஏலம் கேட்டாய். டாக்டரம்மா உன்னை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு உன்மேல் எல்லாவற்றுக்கும் எரிச்சல். அவர் கொடுத்த ஊதா ஸ்வெட்டர் உனக்குப் பொருந்தியது எரிச்சல். "என் பார்ட்னர் சொன்னாங்க" என்று நீ பேச ஆரம்பித்தது எரிச்சல். நான் சோடிதான், பார்ட்னர் அவர். துணி தேய்த்துக்கொண்டே, இறங்கிப் போன சீட்டுகளை முணுமுணுத்து எண்ணுவாய். குசினி மேசையில் புளி, மிளகு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

"போட்டியில கொரல ஏத்தி எறக்கக்கூடக் கூடாதாம்டி. ஒரே கையத்தான், பிரிச்ச சீட்டு மாறாம, எல்லா மேசைக்கும் அனுப்புவாங்களாம். நமக்கு நல்ல சீட்டு வரலன்னு சொல்லவே முடியாது. சோடி மூஞ்சியப் பாத்து ஒண்ணு தெரிஞ்சு போச்சுன்னா, தெரியாத மாதிரிதான் ஆடணும்."

"பெரிய சாமியார் மடம்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "கிளாவர் பத்து யாருட்ட இருந்துச்சு, சொல்லு?" என்றாய். டீ கொடுக்க வந்து நின்ற நேரத்தில் பார்த்ததை வைத்து நான் சொன்னேன். எப்போதும் சரியாகச் சொல்வேன். அதை வாங்கிக்கொண்டு மறுநாள் அவர் எதிரில் போய் உட்காருவாய்.

போட்டி நம் விடுதியின் பெரிய ஹாலில்தான் நடந்தது. கடைசிக் கைக்கு முன் நீங்கள் முதலிடத்தில் இருந்தீர்கள். எதிராளி நாலு ஸ்பேட்டு என்று ஏலம் கேட்டு நின்றார். முதல் சீட்டு உன்னுடையது. டீத்தட்டோடு அவருக்குப் பின்னால் வந்தபோது அவர் கையைப் பார்த்தேன். ஆட்டினில் பெரிய சீட்டே இல்லை. நீ ஆட்டின் இறக்கினால் அவர் விழுவார். மேசையைச் சுற்றி உன் பக்கம் வந்து, "சீனி போடட்டா?" என்று கேட்டேன். டீக்குச் சீனியே போடாதவள் நீ.

உன் விரல்கள் நின்றன. என்னை நீ பார்க்கவில்லை. ஒரு டைமனை எடுத்து மேசையில் வைத்தாய். எதிராளி ஜெயித்தார், கோப்பை அடுத்த மேசைக்குப் போனது. என்ன நடந்தது என்று ஹாலில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்று நாள் நீ பேசவில்லை. நாலாம் நாள், நான் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்து நீயும் உரித்தாய்.

"நான் ஆட்டினத்தாண்டி எடுக்கப் போனேன். நீ சொன்னதுனால எடுக்க முடியல. ஒத்தாசைன்னு நெனச்சு வெளங்காத்தனம் பண்ணிட்டியே" என்றாய்.

நான் தலையை ஆட்டினேன். அடுத்த பீன்ஸை எடுத்து உரித்தேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கீழே கொண்டுபோனார்கள். நீ உயிரோடு திரும்பி வரவில்லை. அழுதேன். ஆனால் உன் அம்மாவைப் பார்க்க டாக்டரம்மா மதுரையிலிருந்து வந்தார் என்று கேட்டதும், அழுகைக்கு நடுவிலேயே பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்தது. எனக்கு ஒன்று ஆகியிருந்தால் அவர் வந்திருப்பாரா என்று கணக்குப் போட்டேன். அப்படிப்பட்டவள் நான்.

இன்று சாயங்காலம் அவர் எதிரில் போய் நின்றேன். "அம்மா, போன வருஷம் கடைசிக் கையில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். ஏன் டைமன எறக்குனேன்னு அன்னைக்கே அவளக் கேட்டேன். எல்லாம் சொன்னா. 'ஒத்தாச பண்ணத்தான் நெனச்சுச்சும்மா, அவள ஒண்ணும் கேக்காதீங்க'ன்னா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாற்காலியும் எதிரே காலியாக இருந்தது. ஆனால் உன்னிடம் பீன்ஸ் உரிக்கும்போது நான் சொல்லாதது ஒன்று இருக்கிறதே. சீனி போடட்டா என்று கேட்பதற்கு முன் உன் கையைப் பார்த்தேன். உன் விரல் ஆட்டின் ராணியைப் பாதி வெளியே இழுத்திருந்தது. நீயாகவே கண்டுபிடித்துவிட்டாய், நான் தேவைப்படவில்லை. அது பொறுக்காமல்தான் கேட்டேன். கேட்டால் அந்தச் சீட்டை நீ இறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை எனக்கு அவ்வளவு தெரியும்.

"அவ அந்தச் சீட்ட எடுத்தத பாத்துட்டுத்தாம்மா கேட்டேன்" என்றேன். குரல் அடைக்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து உறையில் போட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த நாற்காலி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். எனக்கு அது வேண்டும். அதில் நீ உட்கார்ந்திருந்தபோதே வேண்டும் என்று இருந்தது, நீ போன பிறகும் வேண்டும் என்றே இருக்கிறது. கிடைத்தால், எதிரே இருப்பவர் முகத்தில் ஒன்றையும் படிக்காமல் ஆடப் பார்க்கிறேன்.