முதல் விருப்பமே கிடைத்துவிட்ட என் மகளுக்காக

அனுப்புநர்
சு. தெய்வநாயகி (வயது 41),
க/பெ. சுப்ராயன்,
2/118, மேட்டுத் தெரு,
மரக்காணம் வட்டம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: பொறியியல் கலந்தாய்வு – என் மகள் சு. தமிழ்நிலா – கல்லூரி விருப்பப் பட்டியல் தலைகீழ் வரிசையில் பதிவானது – முதல் விருப்பம் ஒதுக்கப்பட்டது – அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்து அடுத்த சுற்றில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த அலுவலகத்துக்கு நான் மனு எழுதுவது இது முதல் முறை அல்ல. எங்கள் தெரு மகளிர் குழுவின் செயலாளர் என்ற முறையில் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காக எழுதுவது இதுதான் முதல் முறை. அந்த மனுக்களில் குறை யார் மேல் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். இதில் தெரியவில்லை. ஆகவே எங்காவது வார்த்தை தடுமாறினால் பொறுத்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. நானும் என் கணவரும் உப்பளத் தொழிலாளர்கள். எங்கள் ஒரே மகள் தமிழ்நிலா இந்த ஆண்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பொறியியலுக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 182. அரசுப் பள்ளி மாணவர் ஒதுக்கீட்டில் வருவதால் படிப்புச் செலவை அரசே ஏற்கும். எனவே பணம் இம்மனுவின் குறை அன்று.

3. அவள் கேட்பது சிவில். சொந்தக்காரர் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. மழை பெய்தால் உப்பளத்துக்குப் போகும் பாதை தண்ணீருக்குள் போய்விடும். அதன் அடியில் போட்ட குழாய்களை மேடான இடத்தில் போட்டிருக்கிறார்கள், பிறகு தண்ணீர் எப்படி வடியும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரிடம் என்று கேட்டால், வீட்டில் என்னிடம்தான். அந்தப் பாதையை நான்தான் போட்டேன் என்பது போலப் பேசுவாள்.

4. அவளுடைய இயற்பியல் ஆசிரியர் திரு. தட்சணாமூர்த்தி அவர்கள் நல்லவர். கலந்தாய்வுக்கு முன் அவளை உட்காரவைத்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். மேலே, கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லத்தக்க பெரிய கல்லூரிகள். நடுவில், அவள் மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியவை. கீழே, எந்த நிலையிலும் கைவிடாதவை. எல்லாமே மேலே இருந்தால் ஒன்றும் கிடைக்காமல் போகும், எல்லாமே கீழே இருந்தால் மதிப்பெண் வீணாகும், மூன்றும் கலந்திருக்க வேண்டும் என்று விளக்கியும் சொன்னார். அந்தப் பட்டியலில் ஒரு பிழையும் இல்லை. கல்லூரிகளும் சரி, பாடப்பிரிவும் சரி. கெட்டது வரிசைதான். அதைக் கெடுத்தது நாங்கள்.

5. ஏன் அப்படிச் செய்தோம் என்று இதுவரை எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை. தாங்கள் கேட்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். உப்பளத்து வேலைக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் நேராகப் பெரிய அளத்து மேஸ்திரியிடம் போய் நிற்பதில்லை. முதலில் சின்ன அளத்தில் பெயர் கொடுத்துக் கூடையை வைத்துவிடுவோம். அதன் பிறகுதான் பெரிய அளத்தில் ஆள் வேண்டுமா என்று கேட்கப் போவோம். எடுத்துக்கொண்டால் திரும்பி வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். சின்ன அளத்துக்காரர் அதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். முதலிலேயே பெரிய அளத்தில் போய் நின்று, இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்குள் சின்ன அளத்திலும் ஆள் நிரம்பிவிடும். அன்றைக்கு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். பேருந்தில் முதலில் ஏதோ ஓர் இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டுப் பிறகு ஜன்னலோரம் தேடுவது தாங்களும் பார்த்திருக்கக்கூடியதே.

6. கலந்தாய்வையும் அப்படித்தான் நினைத்தோம். கட்டாயம் கிடைக்கும் என்று ஆசிரியர் சொன்ன கல்லூரியை முதலில் கையில் பிடித்துக்கொள்வோம், அது இருக்கிற தைரியத்தில் அடுத்தடுத்துப் பெரியதைக் கேட்போம் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் சரியாகவே பட்டது. மகள் மட்டும் ஒரு முறை, "சார் வேற மாதிரி சொன்னாரும்மா" என்றாள். நான்தான், "சாரு மாசச் சம்பளம் வாங்குறவரு. இல்லன்னு சொல்லிட்டா எப்படி இருக்கும்னு அவருக்கு என்னாடி தெரியும்" என்று அடக்கினேன். அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். மறு பேச்சுப் பேசவில்லை.

7. விருப்பப் பட்டியலை, பேருந்து நிலையத்துக்கு அருகே கணினி மையம் நடத்தும் திருமதி ஜான்சி என்பவர் பதிவு செய்தார். ஆசிரியரின் பட்டியலைக் கீழிருந்து மேலாக நாங்கள் படிக்க, அவர் பதிந்தார். பட்டியலை இறுதி செய்து பூட்டுவதற்கு முன், "அக்கா, இந்த வரிசதானா? ஒரு தடவ நல்லாப் பாத்துக்கோங்க, அப்புறம் மாத்த முடியாது" என்று கேட்டார். அதுதான் என்று மூவரும் சொன்னோம். அலைபேசிக்கு வந்த கடவு எண்ணை என் கணவரே படித்துச் சொன்னார்.

8. ஒதுக்கீடு வந்தது. தங்களுக்கு முதல் விருப்பமே ஒதுக்கப்பட்டுள்ளது, வாழ்த்துகள் என்று செய்தி. நாங்கள் மகிழ்ந்தோம் ஐயா. எண்ணியபடி கூடை ஓரிடத்தில் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். மற்றவர்களுக்கு, இதை வைத்துக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்று ஒரு தெரிவு திரையில் வருமாம். எங்களுக்கு வரவில்லை. முதல் விருப்பம் கிடைத்தவருக்கு அதற்கு மேல் ஏது என்று கணினி கருதுகிறது. ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்பதை அழுத்தினோம். அதன் பிறகு, அடுத்த கல்லூரி எப்போது வரும் என்று அலைபேசியைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தோம். எங்களைப் போல முட்டாள்கள் இந்த வட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

9. என் மகளுடன் படித்த யுவராணிக்கு, இவளைவிடக் குறைந்த மதிப்பெண்ணில், ஆசிரியர் பட்டியலில் இரண்டாவதாக இருந்த சென்னைக் கல்லூரியில் சிவில் கிடைத்தது. அவளுடைய தாயும் என்னோடு உப்பு வாருபவர். இனிப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். "தமிழுக்கு இன்னும் பெருசா வந்திருக்குமே, எங்க கெடச்சிது?" என்று அந்தப் பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் போன பிறகு அப்படி எரிந்ததற்காக வெட்கப்பட்டேன். அன்று மாலை ஆசிரியருக்குப் பேசியபோதுதான், கணினி மேலிருந்து பார்த்து, முதலில் எது காலியோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது என்று தெரிந்தது. "ஐயோ, தலைகீழா போட்டுட்டீங்களேம்மா" என்றார். அதற்குள் மறுப்புத் தெரிவிக்கும் காலம் முடிந்திருந்தது.

10. அன்று முதல் ஏறாத படி இல்லை. கலந்தாய்வு உதவி மையத்தில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "மொத சாய்ஸே கெடச்சிருக்குது. இதுக்கு மேல என்னாம்மா வேணும் உங்களுக்கு?" என்றார். உதவி எண்ணுக்கு அழைத்தபோது எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினார். அவரும் கடைசியில் வாழ்த்துச் சொல்லித்தான் வைத்தார். எவரும் எங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். வாழ்த்துபவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

11. ஒதுக்கப்பட்ட கல்லூரியின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை. அங்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் நேரில் போய்ப் பார்த்தபோது அலுவலகத்தில் இருந்தவர், சிவிலுக்கு இந்த ஆண்டு ஆள் சேரவில்லை, வகுப்பு நடப்பது சந்தேகம், "வேற டிபார்ட்மெண்ட்டுக்கு மாத்தி விட்டுடறோம், கவலப்படாதீங்க" என்றார். என் மகள் ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். வரும் வியாழக்கிழமைக்குள் (07.08.2025) அங்கே சேராவிட்டால் அந்த இடமும் போய்விடும்.

12. இதற்கு ஒரு வழி இருப்பதாக, அலுவலகம் ஒன்றில் எங்கள் மேல் இரக்கப்பட்ட ஒருவர் தனியே அழைத்துச் சொன்னார். பட்டியலைக் கணினி மையத்துக்காரர் எங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டார் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வந்தால், மேலிடத்தில் மறுபரிசீலனை செய்ய வாய்ப்பு உண்டாம். என் கணவர் காவல் நிலையம் வரை போனார். எதிரே டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். நானும் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவில்லை.

13. இது எப்படியோ திருமதி ஜான்சியின் காதுக்குப் போயிற்று. அவர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "எம்மேலயே எழுதிக் குடுத்துடுங்கக்கா. மையத்த மூடிட்டா வேற வேல பாத்துக்கறேன். உங்க பொண்ணு படிப்பு போச்சுன்னா திரும்ப வராது" என்றார். ஐயா, ஒரு நிமிடம் எனக்குச் சரி என்று சொல்லத் தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது. என் மகள் உள்ளிருந்து வந்து, "நீங்க கேட்டீங்கல்ல அக்கா, இந்த வரிசதானான்னு. நாங்கதான் ஆமான்னோம்" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆகவே அந்தப் புகார் கொடுக்கப்படவில்லை, கொடுக்கப்படவும் மாட்டாது. ஜான்சி மீது எந்தத் தவறும் இல்லை என்பதை இம்மனு மூலம் எழுத்துப்பூர்வமாக உறுதி செய்கிறேன். அவருடைய பெயர் இம்மனுவில் இருப்பதை வைத்து யாரும் அவரை விசாரணைக்கு அழைக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

14. இப்போது என் வீட்டு நிலை வருமாறு. என் கணவர் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவள் அவரைக் குறை சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ, "அங்க போயும் படிக்கலாம்பா" என்கிறாள். அதைக் கேட்டதும் அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். இதில் நான் யாருக்குப் பரிந்து பேசுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

15. விதி என்று ஒன்று இருப்பதும், ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் இன்னொரு பிள்ளை சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளையை எழுப்பி இவளை உட்காரவைக்கச் சொல்லவில்லை. காலியாக மிஞ்சும் இடங்களைப் பற்றியே கேட்கிறேன். எங்கள் பதிவில் முதலாவதாக இருந்தது அவளுடைய ஆசை அல்ல. ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற எங்கள் பயத்தைத்தான் முதலாவதாக எழுதினோம். கணினிக்கு அது தெரிய வழியில்லை. தங்களுக்குத் தெரிவிக்கலாம் என்றே வந்திருக்கிறேன்.

16. ஆகவே, கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்:

அ) என் மகளின் தற்போதைய ஒதுக்கீட்டை ரத்து செய்து, ஆசிரியர் கொடுத்த வரிசைப்படி அடுத்த சுற்றில் கலந்துகொள்ள அனுமதிக்குமாறு கலந்தாய்வுக் குழுவுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

ஆ) அது இயலாவிடில், கலந்தாய்வு முடிந்த பின் அரசுக் கல்லூரிகளில் சிவில் பிரிவில் காலியாக நிற்கும் இடம் ஒன்றுக்கு அவளை மாற்ற ஆவன செய்ய வேண்டும்.

இ) அதுவும் இயலாவிடில், ஒதுக்கப்பட்ட கல்லூரியிலாவது சிவில் வகுப்பு நடப்பதை உறுதி செய்ய வேண்டும்.

ஈ) எதுவும் இயலாது என்றால், அதை ஒரு வரியில் வியாழக்கிழமைக்கு முன் தெரிவிக்க வேண்டும். காத்திருந்து, உள்ளதையும் இழந்துவிடாமல் இருக்க அது உதவும்.

17. ஊருக்காக எழுதிய மனுக்களில் எல்லாம் சிறியதை முதலில் கேட்பதே என் பழக்கம். பெரியதை முதலில் கேட்டால் அதிகாரிகளுக்குக் கோபம் வந்து தாளை மூடிவிடுவார்கள் என்று நினைப்பேன். அதே பழக்கத்தில் நேற்று, மேலே (ஈ) என்று இருப்பதைத்தான் முதல் கோரிக்கையாக எழுதியிருந்தேன். மகள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தாளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, என் முன்னால் வேறு தாளை வைத்தாள். ஆகவே ஐயா அவர்கள் இக்கோரிக்கைகளை மேலிருந்து படித்து, கூடுமானால் முதலாவதிலேயே நின்றுவிடுமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நாள்: 04.08.2025
இடம்: மரக்காணம்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சு. தெய்வநாயகி