காஜாவின் மனை

ஸ்ரீமுக வருடம், பங்குனி 9

இன்றும் சாம்பல் அள்ளும் வேலைதான். தீப்பிடித்துப் பதினோரு நாள் ஆகிறது. எங்கள் வாசலில் தொடங்கிப் படகுத்துறை வரை போகும் தெருவில் ஓலை வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. என் வீடு ஓட்டு வீடு, தப்பித்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏழு பேர் செத்தது தீயால் மட்டும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஓட முடியாத சந்து அது.

பங்குனி 12

கோட்டைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒல்லாந்து துரை துபாஷியை வைத்துச் சொன்னது: ஓடும் சுண்ணாம்பும் கோட்டை தரும். மரமும் கூலியும் ஊரார் பொறுப்பு. தெரு மூன்று கோல் அகலம் இருக்க வேண்டும். மழைக்கு முன் முடிய வேண்டும். நான் மரவியாபாரி, அளவு தெரிந்தவன் என்பதால் தெருவின் படத்தை நானே போட்டுத் தர வேண்டுமாம்.

பங்குனி 17

பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம். மரைக்காயர் வீட்டாரும் வந்தார்கள், படகுக்காரர்களும் வந்தார்கள். துணி வியாபாரிகள் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பங்கு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். மீன்பிடிக்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் மீன்பாடு முழுதும் தெருவுக்கு என்றார்கள். அது வரை நல்லபடியாக நடந்தது.

அகலத்துக்கு இடம் எங்கே? நான்தான் எழுந்து சொன்னேன் — ஆள் இல்லாத மனைகளைத் தெருவுக்கு எடுத்துக்கொள்வோம், இருக்கிறவர்கள் யாருக்கும் வீடு போகாது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கிற காசியம்மாள் பின்னாலிருந்து கேட்டாள். "எம் புள்ள கருப்பன் மனையும் அதுல வருதா மரைக்காயரே?"

"வருது."

"எடுத்துக்கோங்க. வந்தான்னா எங்கூட இருந்துக்குவான்."

கருப்பனும் என் மகன் காஜாவும் ஒரே கப்பலில் மலாக்காவுக்குப் போனவர்கள். மூன்றாவது வருடம் நடக்கிறது. கப்பலைப் பற்றி ஒரு சேதி இல்லை. காஜா வாங்கிப்போட்ட மனையும் காசியம்மாள் வீட்டுக்கு எதிரில்தான் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை.

பங்குனி 18

ஆமினாவிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எம் புள்ளைக்கு ஊர்ல எடம் இல்லேன்னு நீங்களே உங்க கையால எழுதுவீங்களா?"

மருமகள் பரக்கத் உள்ளே மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. காஜா போகும்போது அவளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

பங்குனி 21

படம் முடிந்தது. தெரு காஜாவின் மனைக்கு முன்னால் கொஞ்சம் வளைகிறது.

பவ வருடம், சித்திரை 3

இன்று முளை அடித்துக் கயிறு கட்டினோம்.

"இன்னா மரைக்காயரே, கயிறு இங்க வந்து வளையுது? எங்க அடுப்பு மேலயே போவுதே" என்றாள் காசியம்மாள்.

எதிர்ப்பக்கம் மண் உறுதியில்லை என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவள் காஜாவின் மனையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். முகம் ஒருமாதிரி மலர்ந்தது. "சரி, அப்டியே இருக்கட்டும்" என்று போய்விட்டாள். ஏன் சண்டை போடவில்லை?

சித்திரை 4

இன்று தெருப்பக்கம் போகவில்லை, கிடங்கிலேயே இருந்தேன்.

சித்திரை 6

பரக்கத் என்னிடம் நேரில் அதிகம் பேசமாட்டாள். இன்று கதவோரம் வந்து நின்றாள்.

"மாமா, காசியம்மா அடுப்பை நகத்தி வெயில்ல வெச்சு சமைக்கிறாங்க."

"தெரியும்மா."

"அவங்க புள்ள மனையக் குடுத்துட்டாங்க. நம்மளுது மட்டும் இன்னாத்துக்கு?"

"அது உன் வீடும்மா. உனக்குன்னுதான்—"

"எனக்குன்னு வெக்காதீங்க மாமா. அந்தக் காலி எடத்தை தெனம் பாத்துட்டு நிக்க என்னால முடியல. கயிறை நேராப் புடிங்க."

ஆமினா பின்கட்டில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சித்திரை 7

விடிந்ததும் நானே போய் முளையைப் பிடுங்கினேன். காசியம்மாள் வெளியே வந்தாள். எதிர்ப்பக்க மண் நல்லாத்தான் இருக்குது, நான் சொன்னது பொய் என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்றுதான் போனேன். அவள் கேட்டது வேறு.

"நீங்க கயிறை வளைச்சப்போ, மரைக்காயருக்கு எதனா சேதி வந்திருக்கும், புள்ளைங்க வர்றாங்கன்னு நெனச்சிட்டேன். அதான் பேசாம இருந்தேன். அப்போ… சேதி ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாலு நாள். என் பொய்யை வைத்துக்கொண்டு நாலு நாள் அந்தப் பொம்பள சந்தோஷமா இருந்திருக்கா. யா அல்லாஹ், இதுக்கு நான் என்ன பண்ணுவேன்.

வேலைக்கு வந்தவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். காஜாவின் மனை நடுவில் கயிறு நேராகப் போனது.

வைகாசி 20

காசியம்மாள் வீட்டுக்கு என் கிடங்கிலிருந்து உத்தரம் அனுப்பினேன். இறக்கி வைக்கச் சொன்னாளாம்.

ஆனி 11

பள்ளிவாசலில் காஜாவுக்கு மறைவான ஜனாஸா தொழுகை. கேட்டது ஆமினா. உடல் இல்லாமல், இறந்தவனுக்குரிய தொழுகையைத் தொழுதோம். படகுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள், காசியம்மாளும்.

ஆவணி 2

கடைசி வீட்டுக்கு ஓடு வேய்ந்தாயிற்று. துரை வந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்.

ஐப்பசி 24

ஆரம்பாக்கத்திலிருந்து பரக்கத்தின் வாப்பா அவளை அழைத்துப்போகப் படகில் வந்திருந்தார். ஆனியிலிருந்து எண்ணி, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்துவிட்டன. பத்தொன்பது வயசுப் பெண்ணை எதைச் சொல்லி நிறுத்துவது? நகைப்பெட்டியை ஆமினாவே எடுத்துக் கொடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். அவசரமே இல்லாமல் பின்னினாள்.

துறையில் ஆமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க நல்ல எடமா அமைஞ்சா எங்களுக்குச் சொல்லி அனுப்புவியா?" என்று கேட்டாள்.

பரக்கத் தலையை மட்டும் ஆட்டினாள்.

புதுத் தெரு வழியாகவே திரும்பி நடந்தோம். மகனின் மனை எந்த இடத்தில் இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது. வாசலில் ஏறித் திரும்பினால், துறை வரை குறுக்கே எதுவும் இல்லை. ஏரியில் அந்தப் படகு வெகுநேரம் தெரிந்தது. ஆமினா உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தாள். நானும் கூப்பிடவில்லை.